மூன்று ரூபாய்க் கூர்மை

தாராவி தொண்ணூறு அடி சாலையில் எந்தப் பெட்டிக்கடை முன்னாலும் நின்று பாருங்கள். ஷாம்பு பாக்கெட், பாக்கு, தீப்பெட்டி ஆகியவற்றுக்கு நடுவே ஓர் அட்டையில் வரிசையாகச் செருகிய பிளேடு பாக்கெட்டுகள் தொங்கும். ஒரு பிளேடு இரண்டு மூன்று ரூபாய். கொஞ்சம் பேர் பெற்ற கம்பெனி என்றால் ஐந்து. கடையில் இருப்பதிலேயே மிக நுட்பமாகச் செய்யப்பட்ட பொருள் எது என்று கேட்டால் கடைக்காரர் தன் செல்போனைக் காட்டுவார். சரிதான், அதற்குள் இருக்கும் சில்லை வெல்ல முடியாது. இரண்டாம் இடம் தயங்காமல் பிளேடுக்கே போகும்.

மழுங்காத ஒரு பிளேடின் விளிம்பை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், நுனியின் ஆரம் சுமார் 50 நானோமீட்டர். அதாவது அந்த விளிம்பின் குறுக்களவும் ஒரு கொரோனா வைரஸின் குறுக்களவும் ஏறக்குறைய ஒன்று. அது வெட்டப் போகும் தாடி முடியோ இதைப்போல ஆயிரம் மடங்கு தடிமன். இப்படியொரு விளிம்பை, பிளேடுக்கு இரண்டு என்று, கோடிக்கணக்கில் செய்து, மெழுகுக் காகிதத்தில் சுற்றி, பெட்டிக்கடை வரை கொண்டுவந்து மூன்று ரூபாய்க்கு விற்கிறார்கள்.

பிளேடின் நீளம் 43 மில்லிமீட்டர், அகலம் 22, தடிமன் 0.1. நடுவில் வெட்டியெடுத்த துளையைக் கழித்தால் எடை முக்கால் கிராமுக்கும் குறைவு. கிலோவுக்கு ஏறத்தாழ 1,500 பிளேடு நிற்கும். ஒன்று மூன்று ரூபாய் என்றால் அந்த எஃகின் விலை கிலோ 4,500 ரூபாய். கட்டடக் கம்பி கிலோ நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற ஊர் இது. மிச்சத் தொகை முழுவதும் அந்த இரண்டு விளிம்புகளின் விலை.

மும்பைத் தமிழர்களின் மூன்று பேட்டைகளிலும் இந்த ஒரே பிளேடு புழங்குகிறது. மாட்டுங்காவில் ஓய்வுபெற்ற குமாஸ்தா வீட்டுக் குளியலறையில், அடியில் திருகினால் தலை இரண்டாகத் திறக்கும் உலோக ரேசர் ஒன்று முப்பது நாற்பது வருடமாக இருக்கும். செம்பூர் சூப்பர் மார்க்கெட்டில் ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ் முன்வரிசையில் மின்ன, இந்தப் பழைய பாக்கெட் கீழ்த்தட்டில் ஒதுங்கிக் கிடக்கும். தாராவியில் அது பெட்டிக்கடையிலும் சலூனிலும் இருக்கும். சலூனில் முழுசாக இருக்காது, பாதியாக இருக்கும். அந்தப் பாதிக்கு வருவேன்.

இந்த ரேசர் முதலில் ஏழைகளின் பொருளே அல்ல. கிங் கேம்ப் ஜில்லெட் ஒரு விற்பனைப் பிரதிநிதி. 1894-இல் அவர் எழுதி வெளியிட்ட புத்தகம், போட்டி என்பதே வேண்டாம், மக்கள் எல்லோருக்கும் சொந்தமான ஒரே பெரிய நிறுவனம் உலகத் தொழில்களை எல்லாம் நடத்தட்டும் என்று வாதிட்டது. அடுத்த வருடமே அவருக்கு வந்த யோசனை அவரை முதலாளித்துவத்தின் முகமாக்கிவிட்டது. பிற்காலத்தில் பிளேடு உறைகளில் அச்சானது அவர் முகம்தான். அவருடைய முதலாளி வில்லியம் பெயின்டர், சோடா பாட்டில் வாயை மூடும் நெளிவு மூடியைக் கண்டுபிடித்தவர். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருளாக ஒன்றைக் கண்டுபிடி, வாங்கியவன் மறுபடி வருவான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஜில்லெட் தன் சவரக் கத்தியைப் பார்த்தார். முகத்தில் வேலை செய்வது அதன் விளிம்பு மட்டும்தான். பின்னால் இருக்கும் கனத்த இரும்பெல்லாம் அந்த விளிம்பைத் தாங்குவதற்கு. விளிம்பை மட்டும் மெல்லிய தகட்டில் செய்து, தாங்கும் வேலையைப் பிடியிடம் கொடுத்துவிட்டால்?

யோசனை எளிது. செய்வது கடினம். மெல்லிய எஃகுத் தகட்டைக் காய்ச்சிக் குளிரவைத்தால் அப்பளமாக நெளிந்துவிடும். நடக்காது என்று எஃகு தெரிந்தவர்கள் பலர் கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர், அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் படித்தவர், தகடுகளை நெளியாமல் கடினப்படுத்தவும் கூட்டாகத் தீட்டவும் இயந்திரங்களை வடிவமைத்தார். 1901-இல் கம்பெனி தொடங்கியது. 1903-இல் விற்றது 51 ரேசரும் 168 பிளேடும். மறுவருடம் 90,884 ரேசர் விற்றது. 1904 நவம்பரில் காப்புரிமையும் கிடைத்தது. முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் சுமார் 35 லட்சம் ரேசர் வாங்கிச் சிப்பாய்களுக்குக் கொடுக்க, வீட்டிலேயே தானே மழித்துக்கொள்ளும் பழக்கம் ஒரு தலைமுறைக்கே ஒட்டிக்கொண்டது.

வணிகம் படிக்கிறவர்களுக்கு ஒரு கதை சொல்வார்கள்: ரேசரை அடிமாட்டு விலைக்குக் கொடு, பிளேடில் பிடித்துக்கொள், இதைக் கண்டுபிடித்தவர் ஜில்லெட் என்று. நடந்தது நேரெதிர். காப்புரிமை கையில் இருந்த வருடங்களில் ரேசரின் விலை ஐந்து டாலர், அன்றைய தொழிலாளியின் வாரக் கூலியில் கணிசமான பங்கு. விலை இறங்கியது 1921-இல், காப்புரிமை காலாவதியாகி யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆன கட்டத்தில். மலிவு விலை கம்பெனி மனமிரங்கிக் கொடுத்தது என்று நினைப்பவர்கள் இந்த வருடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

மலிவு விலையைவிடப் பெரிய லாபம் ஒன்றும் காப்புரிமை முடிந்ததிலிருந்து வந்தது. 1930 வாக்கில் பிளேடின் நடுத்துளை இன்றைய உருவத்துக்கு வந்து, பிறகு அப்படியே நிலைத்துவிட்டது. தாணேயில் செய்த பிளேடு, ஜப்பானின் ஃபெதர், எகிப்தின் லார்ட், எல்லாமே எல்லா ரேசரிலும் உட்காரும். தாத்தாவின் ரேசரில் பேரனின் பிளேடு பொருந்தும். செல்போன் சார்ஜருக்கு அரசுகள் சட்டம் போட்டு வரவழைக்கும் பொதுத்தன்மை இங்கே கேட்காமலே கிடைத்தது. பிடி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அது உங்களைக் கட்டிப்போடாது என்பதால்தான் பெட்டிக்கடை அட்டையில் நாலைந்து கம்பெனி போட்டி போடுகிறது. கார்ட்ரிட்ஜ் ரேசரில் இது நடக்காது. அங்கே பூட்டும் சாவியும் ஒரே கையில்.

இந்தியாவில் அந்தப் போட்டியும் தாமதமாகத்தான் வந்தது. லைசென்ஸ் காலத்தில் பல பத்தாண்டுகளுக்குப் பிளேடு என்றால் மல்ஹோத்ரா குடும்பத்துப் பிளேடு: டோப்பாஸ், பனாமா, பிறகு சூப்பர்-மேக்ஸ். அவர்களுடைய வித்யுத் மெட்டாலிக்ஸ் ஆலை தாணேயின் வாக்ளே எஸ்டேட்டில் இருந்தது. மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து லோக்கல் ரயிலில் போய்விடக்கூடிய தூரம். ஜில்லெட் 1980-களில் கூட்டு நிறுவனமாக நுழைந்து ராஜஸ்தானின் பிவாடியில் ஆலை போட்டு, செவன் ஓ'க்ளாக் பிளேடைக் கொண்டுவந்தது. ‘பாம்பே ஷேவிங் கம்பெனி’ என்று ஒன்று அண்மைக் காலத்தில் இந்தப் பழைய ரேசரையே அழகான பெட்டியில் வைத்து விற்கத் தொடங்கியது. பெயரில்தான் பம்பாய், கம்பெனி டெல்லிப் பக்கம்.

ஆலைக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்ப்போம். மூலப்பொருள் சுருள் சுருளாக வரும் எஃகு நாடா. அதில் சுமார் 13 சதவீதம் குரோமியம். அது துருவைத் தடுக்கும். 0.6, 0.7 சதவீதம் கார்பன். அது கடினம் தரும். முதலில் துளைகளை வெட்டிவிடுகிறார்கள், கடினமாக்கிய பிறகு வெட்டினால் வெட்டும் கருவி தேய்ந்துவிடும். பிறகு நாடா 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேலான உலைக்குள் ஓடுகிறது. அந்தச் சூட்டில் கார்பன் அணுக்கள் இரும்பின் அணுவரிசைக்குள் கரைந்துகொள்கின்றன. வெளியே வந்த உடனே சட்டென்று குளிர்விக்க, வெளியேற நேரம் கிடைக்காத கார்பன் உள்ளேயே மாட்டிக்கொண்டு அணுவரிசையை இழுத்துப் பிடிக்கிறது. மார்ட்டென்சைட் என்ற இந்த நிலையில்தான் எஃகு மிகக் கடினமாகும். அதோடு விடுவதில்லை. பூஜ்யத்துக்குக் கீழே பல பத்து டிகிரிக்கு உறையவைத்து, மாறாமல் எஞ்சியதையும் மாற்றி, பிறகு இளஞ்சூட்டில் பதப்படுத்துகிறார்கள்.

அடுத்து சாணை, படிப்படியாக நுண்மையாகும் கற்களில். கடைசித் தீட்டலுக்குக் கல் கிடையாது. சுழலும் தோல் சக்கரம். பழைய நாவிதர் கத்தியைத் தோல்வாரில் தேய்த்த அதே வேலையை ஆலையும் தோலிடமே விட்டிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்களைத் தாராவிக்கு இழுத்துவந்த தோல் பதனிடும் தொழிலை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

விளிம்பு தயாரானதும் அதற்கு இரண்டு போர்வைகள். முதலாவது குரோமியம் அல்லது பிளாட்டினம் கலந்த உலோகப் படலம். பாக்கெட்டில் ‘பிளாட்டினம்’ என்று போட்டிருப்பது முழுப் பொய் இல்லை; கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தடிமனில் நிஜமாகவே இருக்கும். இரண்டாவது டெஃப்லான், நம் வீட்டு ஒட்டாத தவாவில் இருக்கும் அதே பொருள். பூசாத கூர்மையான எஃகு முடியைப் பிடித்து இழுக்கும். பூசியது வழுக்கிக்கொண்டு போகும். 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் வில்கின்சன் ஸ்வார்ட் துருப்பிடிக்காத எஃகில் இந்தப் பூச்சோடு பிளேடு கொண்டுவந்தபோது ஜில்லெட்டே ஆடிப்போனது. அதுவரை பெரும்பாலும் கார்பன் எஃகுப் பிளேடுதான். ஜூலை மாத மும்பை ஈரத்தில் ஒரே இரவில் துரு ஏறிவிடும் சரக்கு.

இப்போது ரேசருக்கு வருவோம். அதை ஒரு பிடி என்று மட்டும் நினைப்பது தவறு. அதன் முக்கியமான வேலை வளைப்பது. மேல் மூடியின் அடிப்புறம் குழிந்திருக்கும், கீழ்த்தட்டு அதற்கேற்ப வளைந்திருக்கும். திருகை முடுக்க முடுக்க, நடுவில் மாட்டிய தகடு வில்லாக வளையும். லோக்கல் ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து மறு கையால் பேப்பர் படிப்பவர் தாளை நீளவாக்கில் கொஞ்சம் வளைத்துப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தட்டையாகப் பிடித்தால் தொங்கும், வளைத்தால் விறைப்பாக நிற்கும். 0.1 மில்லிமீட்டர் தகடு முடியில் பட்டு அதிராமல் நிற்பது இந்தத் தந்திரத்தால்தான். வளைவே கோணத்தையும் தீர்மானிக்கிறது. கீழே உள்ள தடுப்புப் பட்டை தோலை முன்கூட்டியே இழுத்துச் சமப்படுத்த, விளிம்பு அதற்கு அப்பால் ஒரு மயிரிழை மட்டுமே எட்டிப் பார்க்கும்.

வளைத்தால் கடினமான எஃகு உடையாதா? கணக்கு இருக்கிறது. வளைவின் ஆரம் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தகட்டின் வெளிப்பரப்பு நீள வேண்டிய அளவு, தடிமனை ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் வரும்: இருநூறில் ஒரு பங்கு. இந்த எஃகு அந்த அளவைத் தாங்கி, கழற்றியதும் பழையபடி நேராகும். தகடு மெல்லியதாக இருப்பதால்தான் இது முடிகிறது. இரண்டு மடங்கு தடிமன் என்றால் நீட்சியும் இரண்டு மடங்காகி ஆபத்து வந்துவிடும்.

தாராவி சலூன்காரர் செய்வது இதன் மறுபக்கம். புது பிளேடை உறையோடு எடுத்து, காகிதத்தைப் பிரிக்காமலே நீளவாக்கில் மடக்குவார். ‘டக்’கென்று இரண்டாகும். ரேசரில் சமர்த்தாக வளைந்த அதே எஃகு இங்கே கண்ணாடியாக முறிகிறது. காரணம், மடிப்பின் ஆரம் மில்லிமீட்டர் கணக்குக்கு இறங்கிவிட்டது. நடுத்துளை இருப்பதால் முறிய வேண்டிய இடமும் குறுகல். மார்ட்டென்சைட்டுக்கு நெளிந்து கொடுக்கத் தெரியாது, ஓர் அளவுக்கு மேல் போனால் உடைவது ஒன்றுதான் வழி. ஒரு பாதி கத்திப் பிடிக்குள் போகும், மறு பாதி அடுத்த வாடிக்கையாளருக்கு. ஒரு முகத்துக்கு ஒன்றரை ரூபாய் எஃகு.

இந்தப் பழக்கம் பரவியதற்கு உயிர்ப் பிரச்சினை ஒன்று காரணம். ஒரே கத்தியைத் தீட்டித் தீட்டிப் பல முகங்களில் வைத்த காலம் போய், எய்ட்ஸ் அச்சமும் விழிப்புணர்வுப் பிரச்சாரமும் பரவிய 1990-களில் ஆளுக்குப் புது பிளேடு என்பதை வாடிக்கையாளர்களே வாய்விட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். ரத்தத்தின் வழியே பரவும் மஞ்சள் காமாலை வைரஸ்களுக்கும் அது ஒரு தடுப்பு. உறை பிரிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் சாய வேண்டும் என்பேன். நாவிதர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எவ்வளவு நல்ல பிளேடாக இருந்தாலும் தண்ணீர் இல்லாமல் அதன் வித்தை எடுபடாது. முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது; அதன் நீண்ட சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைப்பவற்றில் ஹைட்ரஜன் பிணைப்புகள் முக்கியம். தண்ணீர் உள்ளே புகுந்து அந்தப் பிணைப்புகளில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. தன் எடையில் முப்பது சதவீதம் வரை நீரை உறிஞ்சி முடி வீங்கி மெத்தென்று ஆகும். வெட்டத் தேவையான விசை கணிசமாகக் குறையும். இதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். வெந்நீர் என்றால் இன்னும் சீக்கிரம். முகத்தை நனைத்த கையோடு ரேசரை எடுப்பவர்கள் பிளேடைத் திட்டுவதில் நியாயமில்லை.

நுரையின் வேலையும் முதலில் அதுதான்: நனைந்த முடியிலிருந்து நீர் ஆவியாகாமல் பிடித்துவைப்பது. வழுக்கல் கொடுப்பது அடுத்தது. சவர சோப்பில் பெரும்பங்கு ஸ்டியரிக் அமிலத்தின் பொட்டாசியம், சோடியம் உப்புகள். பொட்டாசியம் உப்பு எளிதில் கரைந்து நிறைய நீரை ஏந்தும். சோடியம் உப்பு கட்டியாக நிற்க உதவும். மாட்டுங்காவில் இருக்கும், 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத் துறையாகத் தொடங்கிய ஐ.சி.டி என்ற வேதித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் எண்ணெயும் சோப்பும் பற்றிப் படிக்கத் தனித் துறையே உண்டு. நுரை நிற்குமா நிற்காதா என்பது அவ்வளவு ஆழமான வேதியியல்.

மும்பைக்காரர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் முதல் வாரமே கவனிப்பது, இங்கே சோப்பு பொங்கிப் பொங்கி நுரைக்கிறது, கழுவினாலும் போவதில்லை என்பது. மாநகராட்சித் தண்ணீர் தான்சா, பாட்சா, வைதர்ணா போன்ற ஏரிகளிலிருந்து வருகிறது. தான்சா அணை 1892-இலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறது. சஹ்யாத்ரி மலைச் சாரலில் கொட்டும் மழை, சுண்ணாம்பு அதிகமில்லாத எரிமலைப் பாறை மேல் வழிந்து ஏரியில் சேர்வதால் கால்சியமும் மக்னீசியமும் குறைவு. மென்னீர். தமிழ்நாட்டின் பல ஊர் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் கால்சியம் நிறைய. அது ஸ்டியரிக் அமிலத்தைப் பிடித்துக்கொண்டு கரையாத வெண்ணிற அழுக்காகிப் படியும், நுரை செத்துவிடும். அதே சோப்பு, அதே பிரஷ், தண்ணீர் மட்டும் வேறு. கோடையில் டேங்கர் தண்ணீர் வாங்கும் செம்பூர் அடுக்குமாடிக்காரர்கள் அந்த வித்தியாசத்தை மும்பையிலேயே பார்க்கலாம்.

ஏரித் தண்ணீர் நன்றாக இருந்தாலும் தாராவியில் அது குழாயில் எப்போதும் ஓடாது. வரும் நேரத்தில் பிடித்துவைத்து, சவரத்துக்கு ஒரு மக் அல்லது ஒரு டம்ளர் எடுத்துக்கொள்வார்கள். இந்த ஒரு டம்ளர் தண்ணீர் உலகின் மிகப் பெரிய ரேசர் கம்பெனியைத் தடுக்கி விழவைத்திருக்கிறது. 2002-இல் ஜில்லெட் இந்தியச் சந்தைக்கென்று வெக்டர் என்ற ரேசரைக் கொண்டுவந்தது. சோதித்துப் பார்த்தது அமெரிக்காவில், எம்.ஐ.டி-யில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களின் முகத்தில். பிரமாதம் என்றார்கள். இந்தியாவில் எடுபடவில்லை. ஏன் என்று இங்கே நேரில் வந்து பார்த்தபோதுதான் புரிந்தது: மாணவர்கள் விடுதியில் ரேசரைத் திறந்த குழாயின் கீழ் பிடித்தார்கள், இங்கே மக்கள் டம்ளரில் முக்கி அலசுகிறார்கள். பாயும் நீர் இல்லாமல் பிளேடுகளின் நெருக்கமான இடுக்கில் முடி அடைத்துக்கொண்டது. 2005-இல் ஜில்லெட்டை வாங்கிய பி அண்ட் ஜி, ஆட்களை அனுப்பி வீடு வீடாக உட்கார்ந்து மழிப்பதைப் பார்க்கவைத்து, 2010-இல் ஜில்லெட் கார்ட் என்ற ரேசரை 15 ரூபாய்க்கு விட்டது. அதில் எத்தனை பிளேடு? ஒன்று. அலச வசதியாக இடைவெளி. நூறு வருடம் சுற்றிவிட்டு டம்ளர் தண்ணீரின் முன் பழைய விடைக்கே வந்து சேர்ந்தார்கள்.

இரட்டை விளிம்பு ரேசரில் இந்தச் சிக்கல் தொடக்கத்திலிருந்தே கிடையாது. விளிம்புக்கும் தடுப்புப் பட்டைக்கும் நடுவே தாராளமான இடைவெளி. டம்ளரில் இரண்டு கலக்கு கலக்கினால் நுரையும் முடியும் போய்விடும். ஒரு பக்கம் அடைத்தால் திருப்பி மறுபக்கம். வாரக்கணக்கில் விட்ட தாடிக்கும் ஈடுகொடுக்கும்.

பல பிளேடு கார்ட்ரிட்ஜ் வேலை செய்யாது என்று சொல்லவில்லை. முதல் பிளேடு முடியை வெட்டும்போதே கொஞ்சம் வெளியே இழுக்கிறது; அது உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு மறுபடி வெட்டுகிறது. 1971-இல் இரண்டு பிளேடோடு தொடங்கிய இந்தத் தத்துவம் 2006-இல் ஐந்துக்கு வந்து நின்றது. முடி தோலுக்குக் கீழே வரை வெட்டுப்படுவதால் கன்னம் வழவழக்கும். ஆனால் சுருள் முடிக்காரர்களுக்கு, தோலுக்குக் கீழே போன நுனி வளைந்து சதைக்குள்ளேயே வளர்ந்து கொப்புளமாகும். தாடையின் கீழ் அப்படிச் சிவந்து சிவந்து வருபவர்கள் ஒற்றைப் பிளேடுக்கு மாறிப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மாறும்போது கை ஒன்றைக் கற்க வேண்டும். கார்ட்ரிட்ஜின் தலை தானே ஆடிக் கோணத்தைப் பார்த்துக்கொள்ளும், நாம் அழுத்தலாம். இங்கே கோணம் நம் பொறுப்பு, தோலோடு முப்பது டிகிரி வாக்கில். அழுத்தம் தேவையே இல்லை, உலோகத் தலையின் எடை போதும். முடி வளரும் திசையில் ஒரு முறை; போதாதென்றால் மறுபடி நுரை போட்டுக் குறுக்கே ஒரு முறை. இரண்டு வாரத்தில் காது பழகிவிடும்: சரியான கோணத்தில் ‘சரசர’வென்று சத்தம் வரும், தப்பினால் சத்தம் நின்றுவிடும். இந்தச் சத்தத்துக்காகவே நான் கார்ட்ரிட்ஜுக்குத் திரும்பவில்லை.

தப்பினால் ரத்தம் பொடிக்கும், அதற்குப் படிகாரம். அதில் உள்ள அலுமினியம் புரதங்களைத் திரட்டிச் சிறு காயத்தின் வாயை அடைக்கிறது. பாண்டுப் நிலையத்தில் மும்பையின் ஏரித் தண்ணீரைத் தெளியவைக்கவும் அலுமினிய உப்புகளையே சேர்க்கிறார்கள், கலங்கலான நுண்துகள்களைத் திரட்டி அடியில் இறக்குவதற்கு. அங்கே மண்ணைத் திரட்டுவதும் இங்கே ரத்தப் புரதத்தைத் திரட்டுவதும் ஒரே மின்னூட்ட விளையாட்டு.

ஒரு புதிர் மிச்சம். எஃகு முடியைவிடச் சுமார் ஐம்பது மடங்கு கடினம். பிறகு ஏன் நாலைந்து சவரத்தில் பிளேடு மழுங்குகிறது? மெல்ல மெல்லத் தேய்கிறது என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். எம்.ஐ.டி-யில் (ஆம், நிக்கர்சன் படித்த, வெக்டர் தேறிய அதே இடம்) ஜான்லூகா ரோஷியோலி என்ற ஆய்வாளர், தானே மழித்து மழித்து ஒவ்வொரு முறையும் பிளேடை நுண்ணோக்கியில் பார்த்தார். தேய்மானத்தைவிட, விளிம்பில் கொறித்தது போன்ற நுண்ணிய சில்லுகள் அதிகம். பிறகு நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டும் சிறு கருவி செய்து படம் பிடித்தார்கள். 2020 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த முடிவு: முடி நேர்குத்தாக நின்று வெட்டுப்பட்டால் பிளேடுக்கு ஒன்றும் ஆவதில்லை. முடி வளைந்துகொடுத்துச் சாய்வாக அழுத்தும்போது, அந்த இடத்தில் எஃகின் உள் அமைப்பு சீராக இல்லாமல் கடினமும் மென்மையும் அடுத்தடுத்து இருந்தால், முடியின் ஓரம் படும் புள்ளியில் ஒரு சில்லு பெயர்கிறது. மெல்லிய விளிம்பில் ஒவ்வொரு நுண்படிகத்தின் குணமும் தனித்தனியே வெளிப்படுகிறது. சீரான உள் அமைப்புள்ள எஃகு செய்தால் பிளேடு நீண்ட நாள் உழைக்கும் என்பது அவர்கள் கணிப்பு.

கூர்மையின் இன்னொரு முகம் இருட்டு. பல பிளேடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி விளிம்புப் பக்கத்தைப் பாருங்கள். பளபளக்கும் எஃகு அடுக்கு கரிய வெல்வெட்டாகத் தெரியும். விளிம்புகளுக்கு இடையே உள்ள கூம்புப் பள்ளங்களில் புகுந்த ஒளி, சுவருக்குச் சுவர் மோதி உள்ளே உள்ளே போய்த் தொலைகிறது. திரும்பி வருவது சொற்பம். சவரத்துக்கு அப்பாலும் பிளேடுக்கு வேலை உண்டு. லேசர் புதிதாக வந்த 1960-களில் ஆய்வாளர்கள் அதன் வலிமையைச் சொல்ல எத்தனை பிளேடை ஒரே துடிப்பில் துளைக்கிறது என்று எண்ணி, ‘இத்தனை ஜில்லெட்’ என்று வேடிக்கையாக அளந்தார்கள். இரண்டாம் உலகப்போரில் பதுங்குகுழிச் சிப்பாய்கள் நீலம் பாய்ந்த பிளேடு மேல் பென்சில் கரியைத் தொடவைத்து, மின்கலம் இல்லாத ரேடியோ கட்டிப் பாட்டுக் கேட்டார்கள். பிளஸ் டூ தாவரவியல் வகுப்பில் தண்டை மெல்லிசாகச் சீவி ஸ்லைடு போட்டவர்களுக்கு இந்தப் பிளேடின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாகக் குப்பை. அமெரிக்காவின் பழைய வீடுகளில் குளியலறை அலமாரியின் பின்பக்கம் ஒரு கீறல் இருக்கும். பழைய பிளேடை அதில் போட்டால் சுவருக்குள்ளே விழுந்து கிடக்கும். வீடு இடிப்பவர் பாடு. பத்துக்குப் பத்து தாராவி அறையில் அப்படி வெற்றுச் சுவர் எங்கே? காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டால், தாராவியின் மறுசுழற்சிப் பகுதியான பதின்மூன்றாம் காம்பவுண்டில் குப்பையைக் கையால் பிரிப்பவரின் விரலில் அது போய் முடியும். மூடியில் கீறல் போட்ட ஒரு தகர டப்பா போதும். ஒரு ஆளின் பிளேடு வருடக்கணக்கில் அதில் அடங்கும். கார்ட்ரிட்ஜில் பிளாஸ்டிக்கும் எஃகும் ஒட்டிக்கிடப்பதால் பிரிப்பதே பாடு. பிளேடு முழுக்க எஃகு. அதுவும் அடுக்களை எவர்சில்வர் போல அல்லாமல் காந்தத்தில் ஒட்டும், மார்ட்டென்சைட்டின் குணம் அது. ஆகவே நிறைந்த டப்பாவை வாயை நசுக்கிக் காயலான் கடையில் கொடுத்தால், கடைக்காரர் காந்தத்தை வைத்துப் பார்ப்பார், ஒட்டும், எவர்சில்வர் விலை கிடையாது என்று சொல்லிப் பழைய இரும்புக் குவியலில் போடுவார்.